35 மி.மீ. போதுமா, 120-க்கு மாறலாமா?

கேள்வி: என்னிடம் 50 மி.மீ. லென்ஸோடு ஒரு 35 மி.மீ. கேமரா இருக்கிறது. கருப்பு வெள்ளையில் எடுத்து, வீட்டிலேயே 8×10 அங்குலத்தில் பிரிண்ட் போடுகிறேன். பழைய யாஷிகா மேட் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கி 120 ரோலுக்கு மாறினால் பிரிண்டில் வித்தியாசம் தெரியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: தெரியும். ஆனால் எவ்வளவு தெரியும் என்பது, பிரிண்டின் அளவையும் நீங்கள் படம் எடுக்கும் விதத்தையும் பொறுத்தது.

முதலில் கணக்கு. 35 மி.மீ. நெகட்டிவ் 24×36 மி.மீ.; யாஷிகா மேட்டின் சதுர நெகட்டிவ் சுமார் 56×56 மி.மீ. உங்கள் 8×10 தாளை நிரப்ப, சின்ன நெகட்டிவை எட்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். சதுரத்தை ஓரம் வெட்டிப் போட்டாலும் நாலரை மடங்கே போதும். கிரெய்ன், தூசி, கீறல், லென்ஸின் குறை எல்லாமே அதே மடங்கில்தான் பெரிதாகும். 16×20-க்குப் போனால் 35-க்கு 17 மடங்கு, சதுரத்துக்கு 9 மடங்கு. அதாவது, இன்று நீங்கள் 8×10-ல் பார்க்கும் தரத்தை யாஷிகா மேட் ஏறக்குறைய 16×20-லேயே தந்துவிடும்.

8×10-ல் கூர்மையைவிட டோனில்தான் வித்தியாசத்தைத் தேட வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் முகத்தை ஹெச்பி5 ஃபிலிமில் இரண்டு கேமராவிலும் எடுத்துப் பாருங்கள். கண்ணிமையும் சுருக்கமும் இரண்டிலும் இருக்கும். வெளிச்சம் கன்னத்திலிருந்து காதோரத்து நிழலுக்கு இறங்குமிடத்தைக் கவனியுங்கள். 35-ல் அந்தச் சாம்பல் நிறம் பொடிப்பொடியாகத் தெரியும். 120-ல் வழுவழுவென்று இறங்கும். வெறும் வானம், வெள்ளைச் சுவர் போன்ற இடங்களிலும் இதே கதைதான்.

இந்த லாபம் முழுதாகக் கிடைப்பது ட்ரைபாடில் வைத்து எடுக்கும்போதுதான். யாஷிகா மேட்டின் 80 மி.மீ. லென்ஸில், உங்கள் 50 மி.மீ. தரும் அதே ஃபோகஸ் ஆழம் வேண்டுமென்றால் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் மூட வேண்டும். 35-ல் எஃப்/5.6, 1/125 விநாடி என்றால் இதில் எஃப்/11, 1/30. கையில் பிடித்து எடுத்தால் அசைவு பிரிண்டில் தெரிய வாய்ப்பு அதிகம். அதைத் தவிர்க்க 100-க்குப் பதில் 400 ஃபிலிம் போட்டால் கிரெய்ன் கூடி, பெரிய நெகட்டிவின் லாபத்தில் ஒரு பங்கு போய்விடும். சாயங்கால வெளிச்சத்தில் கூட்டத்துக்குள் எடுப்பவருக்கு, எஃப்/1.8 லென்ஸ் போட்ட 35 மி.மீ. கேமராவே பல சமயம் நல்ல பிரிண்ட் தரும்.

பெரிய கலைஞர்களும் வேலைக்கேற்ற கேமராவையே எடுத்தார்கள். பாரிஸில் தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதரை 1932-ல் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் பிடித்தது லைகாவில். அந்தச் சின்ன நெகட்டிவிலும் ஓரத்தை வெட்டித்தான் பிரிண்ட் போட்டார்கள். ஆன்சல் ஆடம்ஸ் 1960-ல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையையும் நிலவையும் எடுத்தது ஹாசல்பிளாடில். ஒன்றுக்குக் கண நேரம் முக்கியம். மற்றொன்றுக்குப் பாறையின் ஒவ்வொரு வரியும் முக்கியம்.

பணம் கொடுக்குமுன் மூன்றைப் பாருங்கள். உங்கள் என்லார்ஜர் 6×6 நெகட்டிவை ஏற்குமா? 35-க்கு மட்டுமே ஆனது என்றால் என்லார்ஜரையும் மாற்ற வேண்டிவரும். ஏற்குமென்றாலும் 75 அல்லது 80 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் வேண்டும், 50 மி.மீ. லென்ஸ் சதுரத்தின் மூலைகளை எட்டாது. கடைசியாக, கேமரா லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்றும், ஒரு விநாடி, அரை விநாடி வேகங்களில் ஷட்டர் ஒழுங்காக மூடுகிறதா என்றும் சோதியுங்கள்.

உருவப்படம், கோயில் சிற்பம், நிலக்காட்சி என்று நிதானமாக எடுப்பவரானால் தயங்காமல் வாங்குங்கள். தெருவும் திருவிழாவும்தான் உங்கள் உலகம், 8×10-க்கு மேல் போவதில்லை என்றால், அந்தப் பணத்தை ஒரு நல்ல என்லார்ஜர் லென்ஸுக்கும் எஃப்பி4 ரோல்களுக்கும் போடுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் அந்த மாற்றம் உடனே தெரியும்.