ஒரே பானையில் பொரிந்த ஜோடி

“ரெண்டும் ஒரே கூண்டுல வளர்ந்தது சார், சண்டையே போடாது, சீக்கிரம் முட்டை வைக்கும்.” லவ் பேர்ட்ஸ் வாங்கப் போகிறவரிடம் நற்சான்றிதழ் போலச் சொல்லப்படும் வாக்கியம் இது. நம் ஊரில் இந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் பட்ஜிகள்தான். ஒரே கூண்டில் வளர்ந்தவை பல நேரம், முட்டையிடக் கட்டும் ஒரே பானையில் பொரிந்தவையும்கூட. விற்பவரும் வாங்குபவரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கேட்டால், “ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம். எப்படி அண்ணன் தங்கச்சியா இருக்கும்?” என்பார்கள். பறவை வளர்ப்பவர்களிடையே ஆழமாக வேரூன்றிய தப்பான நம்பிக்கை இது. பட்ஜியின் இயற்கை நிறம் பச்சை. நீலம் என்பது ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என அந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். நீலத்தை உள்ளே மறைத்து வைத்திருக்கும் இரண்டு பச்சைப் பறவைகள் ஜோடி சேர்ந்தால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு நீலமாகப் பிறக்கும். ஆக, பச்சை ஆணும் நீலப் பெண்ணும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கலாம்.

நிறம் ஒளிந்திருப்பது போலத்தான் கேடுகளும் ஒளிந்திருக்கின்றன. ஏறக்குறைய எல்லா உயிர்களிலும் தீங்கான ஒடுங்கு மரபணுக்கள் சில உண்டு. ஒற்றைப் பிரதியாக இருக்கும்வரை அவற்றால் பெரும்பாலும் தொந்தரவில்லை. உடன்பிறந்தவை கூடும்போது ஒரே கேட்டின் இரண்டு பிரதிகள் ஒரு குஞ்சில் சந்திக்கும் வாய்ப்பு கூடிவிடுகிறது.

“நாமளே சொந்தத்துலதான் கல்யாணம் பண்ணிக்கறோம்” என்ற பதிலும் வரும். கணக்கைப் பாருங்கள். சொந்தத்துக்குள் கூடுவதை உட்கலப்பு என்பார்கள். மாமன் மகளை மணந்தவரின் பிள்ளைக்கு உட்கலப்பு அளவு 6.25 விழுக்காடு. அக்கா மகளை மணந்தால் 12.5. அண்ணன் தங்கைப் பறவைகளின் குஞ்சுக்கோ 25. அந்தக் குஞ்சுகளையே மீண்டும் ஜோடி சேர்த்தால் 37.5, அதற்கும் அடுத்த தலைமுறையில் 50. பட்ஜி ஆறு மாதத்துக்குள் இனப்பெருக்க வயதை எட்டிவிடும். ஒரு ஜோடியில் தொடங்கி, குஞ்சுகளையும் அதே காலனிக் கூண்டில் விட்டுவைத்தால் இரண்டே ஆண்டில் அந்த 50 விழுக்காட்டில் வந்து நிற்கலாம். “முதல் ஈட்டுக் குஞ்செல்லாம் நல்லாத்தானே இருந்தது” என்பதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை.

முதல் சேதம் பெரும்பாலும் முட்டைக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பொரியாத முட்டையைக் கூமுட்டை என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். அடைகாக்கத் தொடங்கி ஆறேழு நாள் கழித்து, இருட்டறையில் செல்போன் டார்ச்சுக்கு மேல் முட்டையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். வளரும் கரு இருந்தால் மெல்லிய சிவப்பு நரம்புகள் சிலந்திக் கால்களாய்ப் பரவியிருக்கும். நரம்புகள் கலைந்து ரத்த வளையம் மட்டும் தெரிந்தால், கரு கூடி இறந்திருக்கிறது. மிகச் சீக்கிரம் இறந்த கரு கண்ணுக்கே தெரியாது. முட்டை தெளிந்த மஞ்சளாக இருக்கும், கரு கூடவில்லை என்று ஆணின் மேல் பழி விழும். ஈட்டுக்கு ஈடு இப்படியே நடந்தால் உறவைச் சந்தேகிக்க வேண்டும்.

“காட்டுல யார் ஜாதகம் பார்த்தா சேர்க்கறாங்க?” என்பதும் சரியான வாதமில்லை. ஆஸ்திரேலியாவில் பட்ஜிகள் தண்ணீரும் புல்விதையும் தேடிப் பெருங்கூட்டங்களாக அலைகின்றன. உடன்பிறந்தது ஜோடியாக வாய்ப்பது அரிது. இரண்டடிக் கூண்டில் அதற்கு வேறு வழியே இல்லை. காட்டிலேயே கூட்டம் சுருங்கினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பிரெய்ரி கோழிகள் காட்டின. 1930களில் பத்தில் ஒன்பது முட்டைக்கு மேல் பொரித்த கூட்டம், 1990 வாக்கில் பாதிகூடப் பொரிக்காத நிலைக்கு இறங்கியது. 1992 முதல் வேறு மாநிலங்களிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பொரிக்கும் அளவு மீண்டும் 90 விழுக்காட்டைத் தாண்டியது. புது ரத்தம் என்று புறா வளர்ப்பவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை.

அதே புறாக்காரர்கள் நல்ல பறவையின் குணத்தை நிலைநிறுத்தச் சொந்தத்துக்குள் சேர்ப்பதும் உண்டு. அவர்களில் தேர்ந்தவர்கள் தலைமுறைக் கணக்கை எழுதிவைத்து, பலவீனமானவற்றை இனப்பெருக்கத்திலிருந்து விலக்குகிறார்கள். கணக்கில்லாமல் அதைச் செய்வது ஆபத்து.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. கால் விரிந்த குஞ்சு, இறகு கொட்டும் குஞ்சு என எதைக் கண்டாலும் உட்கலப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கால்சியம் குறைந்தாலும், பானையின் அடி வழுவழுப்பாக இருந்தாலும் கால் விரியும். இறகு கொட்டுவதற்கு வைரஸ் காரணமாக இருக்கலாம். கணவாய் ஓடு வையுங்கள், பானைக்குள் மரத்தூள் போடுங்கள், பறவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. குஞ்சுக்கு ஒரு வாரம் ஆகும்போது எண்ணிட்ட மூடிய வளையத்தைக் காலில் போடுங்கள். பாதம் பெரிதானபின் அது ஏறாது. எந்த எண், எந்தப் பானை, தாய் தகப்பன் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆணை ஒரு இடத்திலும் பெண்ணை வேறு ஊரிலும் வாங்குங்கள். புதிதாக வந்ததை ஒரு மாதம் தனிக்கூண்டில் வைத்துக் கவனியுங்கள். அண்ணன் தங்கை என்று தெரிந்த ஜோடிக்கு மட்டும் தயவுசெய்து பானை கட்டாதீர்கள்.