பேட்டரி மேல் பழி போடுவதற்கு முன்

பன்னிரண்டாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, அதே பாடம் எங்கள் வீட்டு வாசலிலும் நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்க அப்பா மினி டிராக்டர் வைத்து வாடகைக்கு உழவு ஓட்டுகிறார். ஒருநாள் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. ‘டக் டக்’ என்று சத்தம் மட்டும்தான். கடையில், “பேட்டரி செத்துப்போச்சுங்க” என்று சொல்லிவிட்டார்கள். பழையதைக் கழித்துக்கொண்டும் புதிதுக்கு 4,000 ரூபாய் ஆனது. பத்தே நாளில் அதுவும் படுத்துவிட்டது! அது வெள்ளிக்கிழமை. முந்தின இரவு நல்ல மழை. சனிக்கிழமை காலையில் மூன்று பேர் காட்டில் உழவு ஒத்துக்கொண்டிருந்தார். “ஈரம் காயறதுக்குள்ள ஓட்டலீன்னா வேற வண்டியக் கூப்பிட்டுக்குவாங்க” என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

பேட்டரியைச் சார்ஜ் போடக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தேன். இயற்பியல் சாரிடம் விஷயத்தைச் சொன்னதும் ஆய்வகத்து மல்டிமீட்டரைக் கொடுத்தார். “பேட்டரி கெட்டிருக்கா, இல்ல அதுக்குச் சோறு போகலையா? அத மொதல்ல பாரு” என்றார்.

சாயங்காலம் பேட்டரியை மாட்டி அளந்தேன். 12.6 வோல்ட். முழுச் சார்ஜ் என்றால் அவ்வளவுதான் இருக்கும். 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. அடுத்து என்ஜினை ஓடவிட்டு அளந்தேன். சார்ஜ் ஏறினால் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். எனக்குக் காட்டியது 12.4, அதுவும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, பேட்டரி மேல் குற்றமில்லை.

பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், தொய்வு இல்லை. (என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.) டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி எடுத்தோம், பலன் இல்லை. ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் தடித்த வயர் முனையிலும் அதே 12.4. அங்கே 14 இருந்து பேட்டரியில் மட்டும் குறைவாக இருந்தால் நடுவில் வயரோ ஃபியூஸோ போயிருக்கிறது என்று அர்த்தம். இங்கே மின்சாரம் உற்பத்தியே ஆகவில்லை.

“ஆல்டர்நேட்டர் போச்சா?” என்று அப்பா கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தேன். ஆயில் விளக்கு எரிந்தது. பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியவில்லை. “அது எரியாம இருந்தா நல்லதுதான கண்ணு?” என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓடும்போது எரியக்கூடாது, சரி. ஆனால் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் எரிந்தே ஆக வேண்டும்.

ஏன்? காந்தப்புலம் மாறினால் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்ததைப் படித்தோமே! எங்கள் வண்டி ஆல்டர்நேட்டரில் நிரந்தரக் காந்தம் கிடையாது. உள்ளே சுற்றுகிற ரோட்டார் ஒரு மின்காந்தம். அது காந்தமாக வேண்டுமானால் முதலில் பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்னோட்டம் போக வேண்டும். அது போகிற வழியே அந்தச் சின்ன பல்புதான்! உற்பத்தி தொடங்கியதும் பல்பின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தம் வந்துவிடும், அதனால் அணைந்துவிடும். பல்பு பீஸ் போனால் ரோட்டார் வெறும் இரும்பாகச் சுற்றும். சில சமயம் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தால், வேகம் கூட்டும்போது தானாகவே உற்பத்தி தொடங்கிவிடும். புதுப் பேட்டரி பத்து நாள் தாங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மீட்டர் போர்டைக் கழற்றினால் பல்புக்குள் கம்பி அறுந்து கிடந்தது. அதே வாட்ஸில் வேறு பல்பு, 20 ரூபாய். (எல்.இ.டி. போடாதீர்கள், அதில் போகிற மின்னோட்டம் பத்தாமல் போகலாம்.) சாவியைத் திருப்பினோம். சிவப்பாக எரிந்தது. என்ஜின் ஓடியதும் அணைந்தது. மீட்டரில் 14.1! அப்பா ஒன்றும் பேசாமல் ரொட்டவேட்டரை மாட்டப் போய்விட்டார்.

இரண்டு எச்சரிக்கை. ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றுவது சிலர் பழக்கம். மின்னழுத்தம் எகிறி உள்ளே இருக்கும் டையோடு போய்விடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. இன்னொன்று: சில சின்ன டிராக்டர்களில் நிரந்தரக் காந்த டைனமோ இருக்கும். அதற்கு இந்த விளக்குச் சோதனை ஒத்துவராது.

கழித்துப் போட்ட பழைய பேட்டரியை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. அது நல்லாத்தான் இருந்திருக்கும். மீட்டரைத் திங்கட்கிழமை ஆய்வகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேண்டியவர்கள் சாரிடம் நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.