பருவப் பெண்களும் இரத்தச் சோகையும்

தார் சுற்றும் பெண் சற்று நேரத்தில் களைத்து உட்கார்ந்தால், அதைச் சோம்பல் என்று கடிந்துகொள்கிறோம். பல சமயங்களில் அது சோம்பலன்று, இரத்தச் சோகை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இக்குறை காணப்பட்டது. அதே வயது ஆண்களில் 31 பேருக்கே இருந்தது.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? மாதவிலக்கால் பெண்ணின் உடலிலிருந்து இரும்புச் சத்து மாதந்தோறும் கழிகிறது. வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரைப் பற்றும் கொக்கிப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. இவற்றோடு, எல்லோரும் உண்டபின் எஞ்சியதைப் பெண் உண்ணும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. சோகையுடன் தாயாகும் பெண்ணுக்குப் பிரசவமே ஆபத்தாகலாம்.

பரிகாரம் நம் கையில் உள்ளது. கீரை, கம்பு, பயறு, மீன் ஆகியவற்றை அவள் வயிறார உண்ணட்டும். உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு அருந்தும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும். பள்ளியிலும், பள்ளி செல்லாதவர்க்கு அங்கன்வாடியிலும் வாரம் ஒருமுறை தரப்படும் நீல மாத்திரையை உணவுக்குப்பின் தவறாமல் உட்கொள்ளச் செய்வோம். அதனால் மலம் கறுத்தால் அஞ்ச வேண்டுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்தும் கொடுத்தல் வேண்டும். களைப்பு நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதிப்போம்.

சங்கத்தில் பத்துப் பங்கு உடையவருக்கும் ஒரு பங்கு உடையவருக்கும் வாக்கு ஒன்றே. அந்த நியாயம் நம் வீட்டுப் பந்தியிலும் நிலவட்டும்.