சுற்றங்கி: அளவும் தையலும்

மக்கள் உடுக்கும் உடைகளை இருவகையாகப் பகுக்கலாம். நெய்த துணியை வெட்டாது உடலிற் சுற்றி உடுப்பது ஒன்று. உறுப்புக்கேற்ப வெட்டி, இணைத்துத் தைத்து அணிவது மற்றொன்று. வேட்டியும் சேலையும் முதல்வகையின. சட்டையும் இரவிக்கையும் இரண்டாம் வகையின. முன்னதில் உடை உடலுக்கு இணங்கும். பின்னதில் ஒருநாள் எடுத்த அளவுக்கு உடல் என்றும் இணங்கியிருத்தல் வேண்டும். இவ்விருவகையின் நலங்களையும் ஒருங்கே உடையது, ஆங்கிலத்தில் 'ராப் டிரெஸ்' என வழங்கும் உடை. அதனை ஈண்டுச் சுற்றங்கி என்போம். அதன் முன்புறம் இரண்டு மடல்களாக அமைந்திருக்கும். ஒரு மடல் மற்றொன்றின்மீது குறுக்காகப் படிய, இடுப்பில் நாடாவாற் கட்டுவதே அதன் அமைப்பு. பொத்தான் வரிசையும் ஊக்கு வரிசையும் அதற்கு வேண்டுவதில்லை.

உடைபற்றிய தமிழ்ச் சொற்களை நோக்கின் இவ்விருவகையும் அவற்றுள்ளே விளங்கக் காணலாம். 'துணி' என்பது துணித்தல் என்பதினின்றும், 'அறுவை' என்பது அறுத்தல் என்பதினின்றும் பிறந்தன. இவை தறியினின்று அறுத்தெடுத்த ஆடையைக் குறிப்பன. தைத்த உடையும் நம் முன்னோர் அறியாததன்று. முல்லைப்பாட்டு, யவனர் அணிந்த சட்டையை 'மெய்ப்பை' என்னும் அழகிய பெயரால் குறிக்கின்றது. சிலப்பதிகாரம், புகார் நகரத்துத் தொழிலாளருள் துன்னகாரரையும் எண்ணுகின்றது. 'தையல்' என்னும் சொல் தைக்கும் தொழிலையும் பெண்ணையும் ஒருங்கே உணர்த்துவது தமிழ் மாணவர் யாவரும் அறிந்ததே.

சுற்றங்கி மேலைநாட்டில் இக்காலத்து வடிவம் பெற்ற வரலாறு சுருக்கமானது. ஜப்பானியரின் கிமோனோ இவ்வகை உடைகளுள் தொன்மை வாய்ந்தது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் செல்வர் வீட்டில் அணிந்த தொளதொளப்பான மேலங்கிக்குப் 'பானியன்' என்று பெயர். அது குஜராத்தி மொழியில் வணிகரைக் குறிக்கும் சொல்லினின்று சென்றது. நாம் இன்று உள்ளே அணியும் 'பனியன்' என்பதும் அச்சொல்லே. 1942-இல், போர்க்காலத்தில், வீட்டுவேலைக்கு ஆள் கிடையாத அமெரிக்க மாதருக்கென்று கிளேர் மக்கார்டெல் என்னும் அம்மையார் 'பாப்ஓவர்' என்ற எளிய சுற்றுடையை அமைத்தார். அதன் விலை 6 டாலர் 95 சென்ட். அடுப்பிலிருந்து சூடான கலங்களை எடுத்தற்குரிய கையுறை ஒன்றும் அதனுடன் சேர்த்து விற்கப்பட்டது. 1952-இல் பட்டரிக் நிறுவனம் வெளியிட்ட ஒரு காகித மாதிரி, காலையுணவுக்குப் பின் தைக்கத் தொடங்கினால் நண்பகல் உணவுக்கு அணிந்து செல்லலாம் என்று விளம்பரம் பெற்றது. பின்னர் 1974-இல் டயான் ஃபான் ஃபர்ஸ்டன்பர்க் என்பார் ஜெர்சி என்னும் பின்னல் துணியிற் செய்த சுற்றங்கி உலகெங்கும் பரவிற்று. பின்னல் துணி இழுத்த இழுப்புக்கு நீண்டு கொடுக்கும். நம் கடைகளில் எளிதிற் கிடைக்கும் நெய்த பருத்தித் துணியோ அங்ஙனம் நீளாது. ஆதலின் அதற்கு அளவிலும் வெட்டிலும் மிகுந்த கருத்து வேண்டும். இக்கட்டுரை நெய்த துணியைப் பற்றியதே.

வெறும் விதிகளாகக் கூறுவதினும், நிகழ்ந்ததொன்றை எடுத்துக்காட்டி விளக்குதல் நலம். என் தமக்கையாருக்கு அறுவை மருத்துவத்தால் முதற்குழந்தை பிறந்து மூன்றாம் மாதத்தில் அக்குழந்தையின் ஞானஸ்நானம் குறிக்கப்பட்டது. சேலைக்கு உட்பாவாடையின் நாடாவை இறுகக் கட்டவேண்டும். அது வயிற்றுத் தையல் ஆறிய வடுவின்மேல் அழுத்தி வருத்திற்று. முன்னே தைத்த உடைகளுள் ஒன்றும் பொருந்தவில்லை. குழந்தைக்கு இரண்டு மணிக்கொருமுறை பாலூட்டவும் வேண்டும். "என் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நானே வரமுடியாது போலிருக்கிறதே" என்று அவர் சொல்லக் கேட்டபின், எங்கள் தாயார் தையற்பொறியின் உறையை எடுத்தார். குறித்த நாளுக்கு மூன்று வாரமே இருந்தது. அம்மூன்று வாரத்திலும் உடலின் அளவு மாறிக்கொண்டே வரும் என்பதும் தெரிந்ததே. அத்தகைய உடலுக்கு ஏற்றது சுற்றங்கியே எனத் துணிந்தோம்.

1. துணி

மென்மையான, உடலை உறுத்தாத, ஊடுருவிக் காணத்தகாத பருத்தித் துணியே ஏற்றது. 44 அங்குல அகலமுள்ள துணியாயின், முழங்கை வரை கையும் கணுக்கால் வரை நீளமும் உள்ள அங்கிக்கு ஏறத்தாழ நான்கரை முதல் ஐந்து கெஜம் வேண்டும். மடல் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் சாதாரண அங்கியினும் இதற்குத் துணி மிகுதி. வாங்கிய துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரியிட்ட பின்னரே வெட்டுதல் வேண்டும். புதிய பருத்தி முதல் நனைப்பிற் சுருங்கும். அச்சுருக்கம் தைத்தபின் நேரின் உழைப்பெல்லாம் வீணாம்.

2. அளவு

மார்புச் சுற்று, இடைச் சுற்று, இடையின்கீழ் அகன்ற இடத்தின் சுற்று, தோளகலம், பிடரி எலும்பிலிருந்து இடை வரை நீளம், இடையிலிருந்து கணுக்கால் வரை நீளம் என்னும் ஆறும் இன்றியமையாதன. இடையைக் கண்மதிப்பாற் குறித்தலாகாது. ஒரு நாடாவை வயிற்றைச் சுற்றிக் கட்டி, இருபக்கமும் சாய்ந்து நிமிர்ந்தால், நாடா தானே வந்து தங்கும் இடமே இடை. என் தமக்கையாருக்கு இடைச்சுற்று 32 அங்குலம். தளர்வுக்கு 1 அங்குலம் கூட்ட 33. அதில் முதுகுக்கு 16, முன்புறத்துக்கு 17 எனப் பகுத்தோம். முன்புறத்தின் பாதி 8½. ஒவ்வொரு மடலும் நடுக்கோட்டைக் கடந்து 6 அங்குலம் அப்பாற் செல்லவேண்டுமாதலின், மடலின் அகலம் 14½ அங்குலம். இரண்டு மடலும் சேர 29. முன்புறம் 17 போக, ஒன்றன்மேலொன்று படியும் அளவு 12 அங்குலம். இந்தப் பன்னிரண்டே சுற்றங்கியின் உயிர். இடை 2 அங்குலம் குறைந்தால் படிவு 14 ஆகும். 2 அங்குலம் மிகுந்தால் 10 ஆகும். பக்கத் தையல் சிறிதே இடம் பெயரும். பிரித்துத் தைக்கும் வேலையில்லை. தையலுக்கும் ஓர மடிப்புக்கும் உரிய துணியை இவ்வளவுகளுக்குப் புறம்பே விடவேண்டும்.

3. ஒத்திகை

விலையுயர்ந்த துணியில் கத்தரி வைக்குமுன், பழைய வேட்டியிலோ காடாத் துணியிலோ மேலுடலை மட்டும் வெட்டி, நீண்ட ஓட்டுத்தையலால் இணைத்து அணிந்து பார்த்தல் வேண்டும். இதனைச் சோம்பலால் விடுவோர் பலர். சுற்றங்கியில் நேரும் பெருங்குறை கழுத்தோரம் உடலிற் படியாது விலகி நிற்றல். குனியும்போது அது வாய்திறக்கும். அணிந்தவர் நாள்முழுதும் ஒரு கையால் அதனைப் பற்றிக்கொண்டேயிருக்க நேரும். அவ்வோரத்தில் நீளம் மிகுந்திருத்தலே காரணம். மிகுந்ததைக் கழுத்தோரத்தின் நடுவே இரு விரலாற் பிடித்து, மார்பின் முனையை நோக்கிச் சுருங்கி மறையும் ஆப்புவடிவ மடிப்பாகக் குண்டூசியிடுக. அம்மடிப்பையே காகித மாதிரியிலும் மடிக்க, காகிதம் தட்டையாகப் படியாது மேடுபடும். இடையிலிருந்து மார்பு முனைவரை செல்லும் டார்ட் பிடிப்பின் கோட்டில் அதனை வெட்டிவிட்டால் வெட்டு விரிந்து காகிதம் படியும். விரிந்த அளவு டார்ட்டிற் சேரும். இவ்வாறு கழுத்தில் வேண்டாததாய் நின்ற துணி மார்புக்கு வேண்டிய இடமாக மாறுகின்றது.

4. வெட்டு

முதுகின் நடுக்கோடும் மடல்களின் நடுக்கோடும் துணியின் நெடுக்கிழையோடு ஒத்துச் செல்லவேண்டும். கழுத்தோரமோ மூலைவாட்டமாகவே வெட்டுப்படும். மூலைவாட்டமான ஓரம் கைபட்ட அளவில் நீளும் இயல்பினது. ஆதலின் வெட்டியவுடன், வேறெதுவும் செய்யுமுன், தையற்கோட்டுக்குச் சற்று வெளியே ஒரு வரி தைத்து அதனைக் காத்தல் வேண்டும்.

5. தையல்

முதலில் டார்ட், பின் தோள், பின் கழுத்தோரம், அதன்பின் கை, பக்கம் என்பதே முறை. கழுத்தோரத்தின் உட்புறம் மெல்லிய பருத்தி நாடா ஒன்றை வைத்துத் தைக்கவேண்டும். காகித மாதிரியிற் கழுத்தோரத்தை அளந்து, அதனினும் அரை அங்குலம் குறைவாக நாடாவை வெட்டி, மார்பருகே துணியைச் சிறிது தளர்த்தி நாடாவோடு பொருத்தினால், ஓரம் உடலைத் தழுவி நிற்கும். பின்பு உட்பட்டி வைத்து மடித்துத் தைக்கலாம். பக்கங்களுக்குப் பிரெஞ்சுத் தையல் சிறந்தது. துணியின் உட்புறங்கள் ஒன்றையொன்று நோக்க வைத்து ஒருமுறை தைத்து, ஓரத்தை ஒட்ட நறுக்கி, புரட்டி மீண்டும் தைத்தால் பிசிர் முழுதும் உள்ளே அடங்கும். பச்சிளங்குழந்தையின் கன்னம் படும் உடைக்கு இது பெரிதும் வேண்டற்பாலது. ஒரு தையலை மற்றொரு தையல் கடக்குமுன் முன்னதை இஸ்திரியிடுதல் வேண்டும். வீட்டுத் தையலையும் கடைத் தையலையும் வேறுபடுத்திக் காட்டுவது பெரும்பாலும் இஸ்திரிப் பெட்டியே.

6. நாடாவும் துளையும்

வலமடல் மேலாக வருவதாயின், உள்ளே மறையும் இடமடலின் நாடா வலப்பக்கத் தையலில் விட்ட துளைவழியாக வெளிவந்து, முதுகைச் சுற்றி இடப்பக்கம் வந்து, மேல்மடலின் நாடாவோடு முடிச்சிடப்படும். ஆகவே உள்நாடா 36 அங்குலமும் வெளிநாடா 20 அங்குலமும் இருந்தாற் போதும். நாடா 1 அங்குல அகலமாயின் துளை 1¼ அங்குலம். துளையின் இருமுனையையும் பலமுறை தைத்து உறுதி செய்க. இழுப்பெல்லாம் அவ்விடத்தே விழும். மார்பின் குறுக்கே மடல்கள் சந்திக்குமிடத்தில் உள்ளே ஒரு பிரஸ் பொத்தான் வைத்தால் பாலூட்டும் தாய்க்கு நலம். அதை விடுவித்து மேல்மடலை விலக்கலாம். இடுப்புக் கட்டு அவிழாது. பாவாடைப் பகுதி மூடியவாறே இருக்கும்.

7. விளிம்பு

கீழ்விளிம்பை உடனே மடித்தலாகாது. விரிந்த பாவாடையின் மூலைவாட்டப் பகுதிகள் தம் எடையால் தாழும். ஒருநாள் முழுதும் தொங்கவிட்டு, பின்பு அணிந்து, விழாவுக்குரிய செருப்பையே இட்டு நின்று, தரையிலிருந்து அடிக்கோலால் சுற்றிலும் அளந்து குறித்து மடிக்கவேண்டும். அணிந்தவர் குனிந்து பார்த்தால் விளிம்பு உயரும். ஆதலின் பிறர் ஒருவர் அளத்தலே முறை.

8. சோதனை

கண்ணாடிமுன் நிற்றல் சோதனையாகாது. நாற்காலியில் அமர்ந்து எழுக, படியேறுக, இரு கையையும் உயர்த்துக, முழங்காலிடுக. அமரும்போது மடல் தொடைக்குமேல் விலகினாற் படிவு போதாது என்று அறிக. எங்கள் வீட்டில் இச்சோதனை ஒரு தலையணையைக் கையில் ஏந்தியவாறு நடந்தது. குழந்தையை ஏந்தும்போது தோளும் கையும் அசைவது வேறுவிதமாதலின்.

ஞானஸ்நான நாளில் தமக்கையாரின் இடை நாம் அளந்ததினும் 1½ அங்குலம் குறைந்திருந்தது. நாடா சற்று மிகுதியாக இழுக்கப்பட்டது, படிவு 13½ அங்குலமாயிற்று, அவ்வளவே. ஆலயத்திற்குச் சேலையன்றி வேறு உடுத்தலாமோ என்று ஐயுற்ற பாட்டியாரும், கணுக்கால்வரை நீண்ட அவ்வங்கியைக் கண்டபின் ஒன்றும் சொல்லவில்லை. ஆராதனை நடுவே குழந்தை அழ, தமக்கையார் கடைசி விசுப்பலகையில் இருந்தபடியே பாலூட்டினார். வெளியே எழுந்து செல்ல நேரவில்லை. இன்று குழந்தைக்கு ஒரு வயது கடந்துவிட்டது. உடல் பழைய நிலையை எய்தியபின்னும் அவ்வங்கி பயன்படுகின்றது. தமக்கையாரினும் மெலிந்த நான் அதனைக் கல்லூரி விழாவுக்கு ஒருமுறை அணிந்தேன். நாடாவை அன்றி எதையும் மாற்றவில்லை.

'ஆள் பாதி, ஆடை பாதி' என்னும் பழமொழியை உடையின் சிறப்புக்கே மேற்கோளாகக் காட்டுவர். ஆள் என்னும் மற்றப் பாதியும் அதனுள் உண்டு. நோயாலும் மகப்பேற்றாலும் வயதாலும் உடல் மாறுதல் இயற்கை. உடை பொருந்தாதபோது பிழை உடையின் அளவில் உள்ளதேயன்றி அணிபவர் உடலில் உள்ளதன்று. இதனை உணராமல், உடை பொருந்தவில்லையென்று விழாக்களுக்குச் செல்லாது வீட்டிலிருந்துவிடும் மாதர் நம் குடும்பங்களில் இல்லாமற் போகவில்லை. அவர்பொருட்டேனும் அளவுநாடா, கத்தரி, ஊசி என்னும் மூன்றையும் கையாளக் கற்றல், ஆடவர் பெண்டிர் என்னும் வேறுபாடின்றி, நம் மாணவர் யாவருக்கும் தகும். இவ்விடுமுறையில் ஒருவரேனும் பழைய வேட்டி ஒன்றை எடுத்து மேற்கூறிய ஒத்திகையைச் செய்து பார்ப்பாராயின், இக்கட்டுரை பயன் பெற்றதாகும்.