கலங்கலும் தெளிவும்

காஞ்சி மாநகரின் தென்பால், பாலாற்றங்கரையை ஒட்டி ஓரிக்கை என்னும் ஊர் உள்ளது. பல்லவ மன்னன் ஒருவன் கணிகண்ணன் என்பானை நகரைவிட்டு நீங்குமாறு பணித்தான் என்றும், அவனுடன் திருமழிசையாழ்வாரும் திருவெஃகாப் பெருமாளும் புறப்பட்டு ஓர் இரவு இங்குத் தங்கினர் என்றும் வைணவ நூல்கள் கூறும். 'ஓர் இரவு இருக்கை' என்பதே ஓரிக்கை என மருவிற்று என்பர்.

காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களில் பட்டு நெசவைக் குலத்தொழிலாகக் கொண்டோர் பலர் உளர். பட்டுக்கும் நீருக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. கச்சாப் பட்டு நூலின்மீது இயற்கையாகப் படிந்திருக்கும் பசையை வெந்நீரில் வேகவைத்து நீக்கிய பின்னரே சாயம் ஏற்றுவர். நீர் கலங்கியிருப்பின் நிறம் சீராகப் பற்றாது. ஆதலின் நீரின் தெளிவைக் கண்டறிவது சாயத் தொழிலாளர்க்குக் கைவந்த கலையாகும். ஓரிக்கையில் அத்தகைய முதியவர் ஒருவர் தம் பேரனுக்கு நீரின் இயல்பை உணர்த்திய வகையை இப்பாடத்தில் காண்போம்.

அவ்வீட்டின் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. அது 6 அடி நீளமும் 4 அடி அகலமும் 2 அடி ஆழமும் உடையது. ஏறத்தாழ 1,360 லிட்டர் நீர் கொள்வது. அதனைக் கட்டிய நாளில் பாட்டியார் ஈரச் சிமெண்டின்மீது விரலால் வரைந்த கோலம் ஒன்று அதன் அடித்தளத்தில் பதிந்திருந்தது. சிறுவன் அத்தொட்டியில் பொன்மீன்களையும் கப்பி மீன்களையும் வளர்த்து வந்தான்.

சித்திரைத் திங்களில் ஒருநாள், தொட்டி நீர் முழுவதும் பச்சை நிறம் கொண்டு மீன்கள் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்ததைச் சிறுவன் கண்டான். விடியற்காலையில் மட்டும் அவை நீரின் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அக்காட்சி அவன் உள்ளத்தை வருத்தியது. வாளியை எடுத்து வந்து தொட்டியைக் காலி செய்யத் தொடங்கினான்.

பாட்டனார் அதனைக் கண்டார். "தம்பி, சென்ற ஆண்டும் இவ்வாறுதானே செய்தாய்? என்ன நேர்ந்தது?" என்று வினவினார்.

சிறுவன் தலை கவிழ்ந்தான். சென்ற ஆண்டு அவன் நீர் முழுவதையும் இறைத்துவிட்டுக் குழாய் நீரை நிரப்பினான். நீர் பளிங்குபோல் விளங்கிற்று. ஆனால் மாலைக்குள் மீன்களிற் பாதி செத்து மிதந்தன.

"நீர் தெளிவாகத்தானே இருந்தது, தாத்தா? அவை ஏன் இறந்தன?" என்றான்.

"குடிநீரில் உள்ள கிருமிகளைக் கொல்வதற்காகக் குளோரின் கலப்பார்கள். நமக்குத் தீங்கு செய்யாத அந்தச் சிறு அளவே மீனின் செவுள்களைப் புண்ணாக்கிவிடும். மேலும், பழகிய நீரிலிருந்து புதிய நீருக்கு ஒரே நாளில் மாறுவதையும் மீன் தாங்காது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் உயிருக்கு நல்ல நீர் ஆகிவிடாது. நோயின் காரணத்தை முதலில் ஆராய வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்குக் கூறினார். அது நீருக்கும் பொருந்தும்."

இவ்வாறு கூறிய பாட்டனார் ஒரு கண்ணாடிக் குவளையில் தொட்டி நீரை முகந்து திண்ணையின்மேல் வைத்தார். மற்றொரு மட்குடத்தில், கோடை மழையால் கலங்கியிருந்த குட்டை நீரை நிரப்பினார். பின்பு பழைய பெட்டி ஒன்றிலிருந்து சிறிய கொட்டை ஒன்றை எடுத்து, அதனைக் குடத்தின் உட்புறத்தில் நன்றாகத் தேய்த்து, நீரைக் கலக்கிவிட்டு மூடிவைத்தார்.

மறுநாட் காலையில் சிறுவன் ஓடிவந்து பார்த்தான். குடத்து நீர் தெளிந்து, மண் அடியில் படிந்திருந்தது. குவளை நீரோ பச்சையாகவே இருந்தது.

"இதற்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர்" என்றார் பாட்டனார். "நுண்ணிய களிமண் துகள்கள் ஒரேவகை மின்னேற்றம் உடையவை, ஆதலால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாட்கணக்கில் மிதக்கும். இவ்விதையில் உள்ள பொருள்கள் அவற்றைப் பிணைத்துத் திரளாக்குகின்றன. திரண்டவை கனத்தால் கீழே படிகின்றன. படிகாரமும் ஏறத்தாழ இவ்வாறே வேலை செய்யும்."

"அப்படியானால் இதனைத் தொட்டியிலும் இடலாமே!" என்று சிறுவன் மகிழ்ந்தான்.

"பொறு. கலங்கல்கள் யாவும் ஒன்றல்ல. மண்ணால் கலங்கிய நீர் பழுப்பாக இருக்கும். மிகுந்த உணவு அழுகி, நுண்ணுயிர்கள் பெருகினால் நீர் பால்போல் வெளுத்து நாறும். பச்சையாக இருப்பது, கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத நுண்பாசி. அது மண் அன்று, உயிருள்ள பயிர். அதனை இன்று படியவைத்தாலும், அதனை வளர்க்கும் காரணம் நீங்காதவரை நாளை மீண்டும் தோன்றும். படிகாரத்தை அளவின்றி இட்டாலோ நீர் புளிப்புத் தன்மை அடைந்து மீன்களுக்கே கேடாகும்."

"அப்பயிரை வளர்ப்பது யார், தாத்தா?"

"நீதான்" என்று கூறிப் பாட்டனார் நகைத்தார்.

பின்னர் அவர் விளக்கினார். சிறுவன் நாள்தோறும் பொரியைக் கைநிறைய வாரி இறைத்தான். மீன்கள் உண்டவை போக எஞ்சியவை அடியில் அழுகின. அவ்வழுகலிலிருந்தும் மீன்களின் கழிவிலிருந்தும் அம்மோனியா உண்டாயிற்று. நுண்ணுயிர்கள் அதனைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றின. நைட்ரேட்டு பயிருக்கு உரம் அல்லவா? உரம் கிடைத்தது, வெயில் ஒன்றே குறை. பங்குனித் திங்களில் முருங்கைமரத்தின் கிளைகளைக் கழித்தபோது அக்குறையும் நீங்கிற்று. நாள் முழுதும் வெயில் பட, பாசி பெருகியது. பகலில் உயிர்வளியை வெளியிடும் பாசி, இரவில் தானும் அதனை உட்கொள்ளும். ஆதலின் விடியற்காலையில் உயிர்வளி குறைந்து மீன்கள் திணறின.

காரணம் புலப்பட்டபின் இருவரும் பணியில் இறங்கினர். தென்னங்கீற்றுகளைப் பின்னித் தொட்டியின் பாதிக்குமேல் நிழல் செய்தனர். மண் நிரப்பிய சட்டியில் அல்லிக்கிழங்கு ஒன்றை நட்டு உள்ளே வைத்தனர். அல்லியின் இலை நிழல் தரும். அதன் வேர் பாசிக்குச் சேரவேண்டிய உரத்தைத் தான் கவர்ந்துகொள்ளும். ஐந்து நிமிடத்திற்குள் மீன்கள் உண்டு முடிக்கும் அளவே உணவிட வேண்டுமெனச் சிறுவன் உறுதி பூண்டான். வாரம் ஒருமுறை இரப்பர்க் குழாயால் அடிச்சேற்றை உறிஞ்சி, நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றினர். புதிய நீரை ஒருநாள் முழுதும் திறந்த பாத்திரங்களில் வைத்திருந்து, குளோரின் அகன்ற பின்னரே ஊற்றினர். கழித்த நீர் வாழைக்கு உரமாயிற்று.

சரளைக்கல்லும் தேங்காய்நாரும் இட்ட ஒரு பானையின் அடியில் துளையிட்டு, சிறு பம்பினால் நீரை அதன் வழியே சுழலவும் செய்தனர். "நுண்பாசி முழுவதும் இதில் சிக்காது. ஆயினும் இக்கற்களில் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றி மீன்களைக் காக்கும். அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கற்களைக் குழாய் நீரில் கழுவினால் அவை மாண்டுவிடும். தொட்டி நீரிலேயே அலச வேண்டும்" என்று பாட்டனார் எச்சரித்தார்.

முதல் வாரம் கழிந்தது, மாற்றம் இல்லை. இரண்டாம் வாரமும் நீர் பச்சையாகவே இருந்தது. சலவைத்தூளை இட்டால் ஒரே நாளில் தெளியும் என்று நண்பன் ஒருவன் கூறக் கேட்டுச் சிறுவன் மனம் தடுமாறினான்.

"சலவைத்தூளும் குளோரின்தான். சென்ற ஆண்டின் நிலை மீண்டும் வரும். பாசி முழுதும் ஒரே நாளில் மடிந்தால் அது அழுகும்போது நீரில் உள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும். காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறித்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையை அவை கூறுகின்றன. அவர்களுக்கு உரிய காலம் 360 நாள். ஆண்டு முழுதும் கண்காணித்தால்தான் நீர்நிலை நிலைக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். நாம் இன்னும் சில வாரம் காத்திருக்கலாகாதா?" என்றார் பாட்டனார்.

சிறுவன் காத்திருந்தான். மூன்றாம் வாரத்தில் பச்சை வெளிறியது. ஐந்தாம் வாரத்தில் அல்லி, இலை விரித்தது. ஆறாம் வாரத்தில் ஒருநாள் காலையில் அவன் குனிந்து நோக்கியபோது, பாட்டியாரின் கோலம் அடித்தளத்தில் தெரிந்தது. சென்ற ஆண்டு தொட்டியை வறிதாக்கியபோதும் அவன் அதனைக் கண்டான். இப்போது அக்கோலத்தின்மேல் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

"தாத்தா, ஒன்றுகூடச் சாகவில்லை!" என்று கூவினான்.

அன்று மாலை பாட்டனார் அவனுக்கு ஒரு சொல்லின் பொருளைக் கூறினார். தேறுதல் என்பது தெளிதல். தேற்றுதல் என்பது தெளியச் செய்தல். அதனால்தான் அக்கொட்டைக்குத் தேற்றா என்று பெயர். துயருற்றவரின் மனத்தை அமைதிப்படுத்துவதையும் நாம் தேற்றுதல் என்றே கூறுகிறோம். சங்க நூலாகிய கலித்தொகை, பிரிவால் கலங்கிய தலைவி ஒருத்தி தெளிவு பெற்றமைக்கு, இக்கொட்டையால் தெளிந்த நீரையே உவமையாகக் கூறுகிறது. அந்நூலில் இம்மரத்திற்கு 'இல்லம்' என்பது பெயர்.

கலங்கிய நீரைக் கண்டு வெகுண்டு அதனைக் கொட்டிவிடுவது எளிது. கலக்கத்தின் காரணத்தை ஆராய்ந்து, அதனை நீக்கி, தெளியும்வரை பொறுத்திருப்பது அரிது. அவ்வரிய செயலையே ஓரிக்கைச் சிறுவன் அக்கோடையில் கற்றுக்கொண்டான்.