ஊசி போடாத ஊரில் உடம்புக்கு முடியாமல் போனால்

பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்கள் விமானம் ஏறும் முன்பே ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிடுகிறார்கள். விசா விண்ணப்பத்தோடு வாங்கப்படும் சுகாதாரக் கட்டணம் 2015இல் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 150 பவுண்டாக இருந்தது; 2024 பிப்ரவரியிலிருந்து 776. ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கும் விசா பதினாறு மாதம்வரை நீள்வதால் மொத்தம் 1,164 பவுண்டு, அதாவது ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். இவ்வளவு கட்டிய பிறகும், நடு ராத்திரியில் நெஞ்சு வலிக்கும்போது "ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா பில் எவ்வளவு வருமோ" என்று யோசித்துக்கொண்டே விடிய வைக்கிறவர்கள் உண்டு. அமெரிக்கக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பயம் அது. பிரிட்டனில் 999 என்ற அவசர எண்ணை அழைத்தால் வரும் ஆம்புலன்ஸுக்கும் அவசரப் பிரிவுக்கும் நோயாளி கையிலிருந்து எதுவும் தர வேண்டியதில்லை.

பணம் கட்டியாகிவிட்டது. ஆனால் எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

கோவையிலிருந்து லீட்ஸுக்குப் போன ஒரு மாணவிக்கு முதல் குளிர்காலத்திலேயே கடும் காய்ச்சல். ஊர் வழக்கப்படி அவர் தேடியது ஒரு கிளினிக்: உள்ளே போய், டோக்கன் வாங்கி, ஊசி போட்டு, முடிந்தால் ஒரு பாட்டில் குளுக்கோஸும் ஏற்றிக்கொண்டு வரலாம் என்ற நினைப்பு. அப்படி ஒரு இடம் அங்கே கிடையாது. குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். அவர் பதியவில்லை. "காய்ச்சல் வந்தா பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்பது அவர் மட்டும் சொல்லும் வாக்கியம் அல்ல. புதிதாகப் போகிறவர்களில் பலரும் சொல்வதுதான்.

ஜி.பி. பதிவுக்குக் கட்டணம் இல்லை. இங்கிலாந்தில் முகவரிச் சான்றோ விசா ஆவணமோ இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்பது அரசு சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் விதி. ரிசப்ஷனில் கேட்டால் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். வங்கிக் கணக்கு தொடங்கும் அதே வாரத்தில் இதையும் முடித்துவிட வேண்டும். 25 வயதுக்குள் இருப்பவர்கள் அப்போதே மூளையுறைக் காய்ச்சலுக்கான 'மென் ஏ.சி.டபிள்யூ.ஒய்.' தடுப்பூசியையும் கேட்டு வாங்குவது நல்லது. விடுதி வாழ்க்கையில் அந்தக் கிருமி எளிதாகப் பரவும்.

அந்த லீட்ஸ் மாணவி கடைசியில் அழைத்தது 111. உயிருக்கு ஆபத்து என்று சொல்ல முடியாத, விடியும்வரை பொறுக்கவும் முடியாத நிலைக்கான இலவச எண் அது. எதிர்முனையில் கேள்விமேல் கேள்வி: மூச்சுத் திணறுகிறதா, கழுத்தை வளைக்க முடிகிறதா, உடம்பில் தடிப்பு இருந்தால் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தும்போது மறைகிறதா? அவருக்கு எரிச்சலாக இருந்ததாம். ஆனால் அழுத்தினாலும் மறையாத தடிப்பு மூளையுறைக் காய்ச்சலின் அறிகுறியாக இருக்கலாம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது சட்டென்று தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் பார்க்க வேண்டும். கேள்விகள் முடிந்ததும் மருந்தகம், ஜி.பி., அவசரப் பிரிவு என்று எங்கே போக வேண்டுமோ அங்கே அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் வலியை விவரிக்கத் தடுமாறினால் "டமில் இன்டர்பிரிட்டர்" என்று கேட்டாலே போதும், ஏற்பாடு செய்வார்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு, முகம் கோணுதல் என்றால் 111 அல்ல, 999. டாக்ஸி பிடித்துப் போகலாம் என்ற யோசனையும் வேண்டாம். போஸ்ட்கோடு, விடுதிக் கட்டடத்தின் பெயர், அறை எண் மூன்றையும் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. பதற்றத்தில் போஸ்ட்கோடு நாக்கில் வராது. விடுதிக் காவலரிடமும் சொல்லிவிட்டால் வாயில் திறந்திருக்கும்.

அவசரப் பிரிவில் காத்திருப்பது தனிக் கலை. கையை வெட்டிக்கொண்டு போன மதுரை மாணவர் ஒருவர், தனக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போவதைப் பார்த்துக் கொதித்துப்போனார். அங்கே வரிசை, வந்த நேரத்தை வைத்து அல்ல; செவிலியர் முதலில் பார்த்து, ஆபத்தின் அளவை வைத்துத்தான் தீர்மானிக்கிறார். 95 சதவீதம் பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்பது இலக்கு. இங்கிலாந்து அளவில் அது கடைசியாக எட்டப்பட்டது 2015 ஜூலையில். ஆகவே சார்ஜரும் ஸ்வெட்டரும் கையில் இருக்கட்டும். தையலோ அறுவைச் சிகிச்சையோ தேவைப்படலாம் என்றால், செவிலியரைக் கேட்காமல் எதையும் சாப்பிடக் கூடாது.

இன்னொன்று, "கொஞ்சம்தான் வலிக்குது" என்று சொல்லும் நம் கூச்சம். அங்கே சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொள்வார்கள். எப்போது தொடங்கியது, நடக்க முடிகிறதா, தண்ணீராவது உள்ளே தங்குகிறதா என்று சொன்னால்தான் அவர்களுக்கு நிலைமை பிடிபடும்.

மாத்திரை விஷயத்தில் டோலோ பெட்டிகளோடு போவது நம்மவர் வழக்கம். மருந்தகத்தில் அந்தப் பெயர் செல்லாது. பாரசிட்டமால் என்றால்தான் தெரியும். 1998 முதல் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பொட்டலத்துக்குப் பதினாறு மாத்திரைதான். அளவு மீறி விழுங்கி உயிரிழப்பதைக் குறைக்க வந்த கட்டுப்பாடு. ஆன்டிபயாட்டிக்கைக் கவுன்டரில் கேட்டு வாங்க முடியாது, இந்திய மருத்துவரின் சீட்டும் அங்கே செல்லாது. ஆனால் தொண்டை வலி, சைனஸ் உள்ளிட்ட ஏழு உபாதைகளுக்கு 2024 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் மருந்தாளுநரே பார்த்து, தேவையானால் மருந்தும் தருகிறார். 2024 மே முதல் இங்கிலாந்தில் சீட்டில் எழுதும் மருந்து ஒன்றுக்கு 9.90 பவுண்டு, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இலவசம். வருமானம் குறைவென்றால் ஹெச்.சி.1 படிவம் நிரப்பி விலக்கு கேட்கலாம். அப்படி ஒரு படிவம் இருப்பது தெரியாமலேயே படிப்பை முடித்து ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

ஆறு மாதத்துக்கும் குறைவான படிப்புக்குப் போகிறவர்கள் சுகாதாரக் கட்டணம் கட்டுவதில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பில் வரும், எனவே காப்பீடு அவசியம். 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி நின்றால் அடுத்த விசாவே சிக்கலாகலாம். கட்டணம் கட்டியவருக்கும் தவறுதலாக பில் வந்தால், தூக்கிப் போடாமல் விசா விவரத்தோடு பதில் எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டிஸ்சார்ஜ் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தேர்வையோ அசைன்மென்டையோ தள்ளிவைக்கப் பல்கலைக்கழகம் கேட்கும் சான்று அதுதான். கெடு முடிவதற்குள் டியூட்டருக்கு ஒரு மின்னஞ்சலும் போய்விட வேண்டும். படுக்கையில் இருப்பவருக்குப் பதிலாக அறைத்தோழர் அனுப்பினாலும் சரிதான்.