நிரையும் அலையும்

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தோர்க்கு 'நிரை' என்னும் சொல்லின் பொருளை அகராதி விரித்துக் காட்டவேண்டுவதில்லை. விடியற்காலையிற் பிரட்டுக் களத்திற் பேர் பதிந்தபின், மலைக்கு ஏறிய கொழுந்துக்காரர்க்குக் கங்காணியார் பகுத்துக் கொடுக்கும் தேயிலை வரிசையே நிரை. இச்சொல் பழந்தமிழில் ஆநிரை என வந்து பசுக்கூட்டத்தைச் சுட்டும். யாப்பிலக்கணத்தில் நிரையசை என வந்து, இரண்டு எழுத்துக்கள் இணைந்தொலித்து ஓர் அலகாக நிற்பதைக் குறிக்கும். பல பொருள்கள் ஒழுங்குற அமைந்து ஒன்றுபோற் செயலாற்றும் நிலை, இவ்வழக்குகள் அனைத்திலும் உள்ளுறையாக இருத்தல் காண்க.

எம்மிடம் தமிழ் பயின்று, பின்னர்ப் பொறியியற் பட்டமும் பெற்று, இன்று கடல் கடந்த நாடொன்றிலே மேற்பட்ட ஆய்வு நிகழ்த்தும் மாணவரொருவர் அண்மையில் எமக்கு ஒரு கடிதம் வரைந்திருந்தார். விடுமுறையில் வீடு வந்தவரை அவர் தாயார், "நீ என்னதான் தம்பி படிக்கிறாய்?" என்று வினவினாராம். ஆங்கிலத்தில் 'அரே' எனப்படும் அமைப்பே அவரது ஆய்வுப் பொருள். அதனைத் தாய்க்கு எடுத்துரைக்கத் தமிழ்ச் சொல் கிடையாமையால், "கரண்டு சம்பந்தமான படிப்பு" என்று கூறி அமைந்தாராம். முப்பது ஆண்டு நிரை பிடித்துக் கொழுந்து கொய்த அத்தாயார்க்கு, வேறெவரினும் எளிதாக விளங்கியிருக்கக் கூடிய சொல்லன்றோ அது! அக்கடிதத்துக்கு எழுதிய மறுமொழியையே, இம்மலரின் வாசகர்க்கும் பயன்படுமெனக் கருதி, ஈண்டு விரித்து எழுதுகின்றோம். அணி என்னும் சொல்லைப் பிறர் வழங்குவர், அதுவும் நற்சொல்லே. ஆயினும் கணிதத்தார் அதனைத் தமக்கென வேறு பொருளில் ஆண்டுவிட்டனர்.

நிரையின் தத்துவத்தைத் தேர்த் திருவிழாவிலே காணலாம். நூறு பேர் வடம் பிடித்து நிற்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய வேளையில் இழுப்பாராயின் தேர் அசையாது. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தளர்த்துவர். மேளம் ஒலிக்க, அவ்வொலிக்கு இசைய அனைவரும் ஒரு கணத்தில் இழுப்பின் தேர் நகரும். இனி, நுட்பம் ஒன்று உண்டு. ஒலி, செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வது. மேளகாரரினின்று 34 மீற்றர் அப்பால் நிற்பவர் அடியோசையைச் செக்கனிற் பத்திலொரு பங்கு பிந்தியே கேட்பார். அனைவரும் உண்மையாகவே ஒரே கணத்தில் இழுக்கவேண்டுமெனின், மேளத்துக்கு அணித்தே நிற்பவர் அச்சிறு பொழுது பொறுத்து இழுத்தல் வேண்டும். யாவர் எவ்வளவு பொறுத்தல் வேண்டுமென்று கணிப்பதே நிரைக் கலை முழுவதும் என்று சொல்லிவிடலாம். அலையின் ஏற்ற இறக்கத்தில் ஓர் உறுப்பு எந்நிலையில் நிற்கின்றது என்பதை எம் நாட்டுப் பௌதிக நூல்கள் 'அவத்தை' என்னும். அவத்தை ஒன்றினால் அலைகள் கூடி வலுப்பெறும். மாறுபட்டால் ஒன்றையொன்று அழிக்கும்.

இலக்கணம் கற்ற மாணவர்க்கு இதனைப் பிறிதொரு வகையாலும் கூறலாம். தொல்காப்பியம் நிரனிறை என்னும் பொருள்கோளைக் கூறுகின்றது. ஒரு வரிசையிற் பெயர்களையும் மற்றொரு வரிசையில் அவற்றுக்குரிய முடிபுகளையும் நிறுத்தி, முதலாவதற்கு முதலாவதும் இரண்டாவதற்கு இரண்டாவதுமாகக் கொண்டு பொருள் முடிப்பது அது. நிரையின் ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்கேயுரிய தாமதத்தை முறைப்படி கொடுத்தல் மின்னியலார் செய்யும் நிரனிறை. ஓரிடத்தில் வரிசை பிறழ்ந்தாற் செய்யுளிலே பொருள் கெடும். கருவியிலே திசை கெடும்.

எம் மாணவர் நாள்தோறும் கண்டும் காணாத நிரையொன்று லயத்துக் கூரைகளிலே நின்றது. சில கூரைகளில் இன்றும் நிற்கின்றது. தொலைக்காட்சிக்கென நாட்டிய, மீன்முள் போன்ற ஏரியலைக் குறிப்பிடுகின்றோம். அதன் கோல்களில் ஒன்றே பெட்டியோடு கம்பியால் இணைந்தது. பின்னே நிற்கும் சற்று நீண்ட கோல் அலையைத் திருப்பி முன்னே தள்ளும். முன்னே நிற்கும் குறுங்கோல்கள் அலையை வழிகாட்டி அழைத்து வரும். கம்பித் தொடர்பே இல்லாத அக்கோல்கள் தம் நீளத்தாலும் இடைவெளியாலும் மட்டுமே அவத்தையைப் பொருத்துகின்றன. 1926-ஆம் ஆண்டளவில் ஜப்பானியத் தோகோகு ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்திலே உடா என்பார், பேராசிரியர் யாகியின் கீழ் ஆய்ந்து கண்டது இது. உலகம் இதனை 'யாகி' என்று சுருக்கி அழைத்து, உழைத்த உடாவைப் பெரிதும் மறந்தது. ஆய்வு மாணவர்க்கு இது புதிய அனுபவமன்று என்பர்.

இனி, நிரையொன்று ஒரு தேசத்தின் அறிவியல் வரலாற்றையே மாற்றிய கதைக்கு வருவோம். அது தொடங்கியது எம் தலைநகரத்தின் பெயர் தாங்கிய திட்டமொன்றினால் என்பது இலங்கையர்க்கு மகிழ்ச்சி தருவது. 1950 சனவரியிலே பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர் கொழும்பிற் கூடியதன் விளைவே கொழும்புத் திட்டம். புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் தலைவராக அந்நாளில் விளங்கியவர் தமிழ்நாட்டு வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1952-இல் சிட்னி நகரில் நடைபெற்ற மாநாட்டிலே வானலை வானியலின் வளர்ச்சியைக் கண்டு வியந்த அவர், அதனை இந்தியாவிலும் தொடங்க விழைந்தார். அவர் கீழ்ப் பணியாற்றிய கோவிந்த சுவரூப், பார்த்தசாரதி என்னும் இளைஞர் இருவர், 1953-இற் கொழும்புத் திட்டத்து உதவி பெற்று அவுஸ்திரேலியா சென்றனர்.

சிட்னியை அடுத்த பொட்ஸ் ஹில் என்னுமிடத்தில், நீர்த்தேக்கக் கரையோரமாக ஆறடி விட்டமுடைய 32 தட்டுக்களைக் கிறிஸ்டியன்சன் என்னும் அறிஞர் நிரையாக நிறுத்திச் சூரியனை ஆய்ந்துவந்தார். ஆறடித் தட்டொன்று தனியே நின்றாற் சூரியனை ஒரு மங்கிய பொட்டாகவே உணரும். முப்பத்திரண்டும் அவத்தை ஒத்து நின்றாலோ, சூரியத் தட்டின் எப்பகுதியினின்று அலை மிகுதியாகப் புறப்படுகின்றது என்று கூறுபடுத்திக் காட்டும். 1955-இல் அந்நிரையைக் கைவிடும் நிலை வந்தபோது, அத்தட்டுக்களை இந்தியாவுக்கு நன்கொடையாகத் தருமாறு சுவரூப் வேண்டினார். அவர்களும் இசைந்தனர். கழித்த பொருளை வாங்கியவர் என்று எவரும் இதனை எள்ளற்க. அத்தட்டுக்களே பின்னர் 1965-இற் பம்பாயை அடுத்த கல்யாண் என்னுமிடத்தில் நிறுவப்பெற்று, இந்தியாவின் முதலாவது வானலைத் தொலைகாட்டியாயின.

இடைப்பட்ட காலத்திற் சுவரூப் அமெரிக்காவிலுள்ள ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் பிரேஸ்வெல்லிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்ந்தார். அங்கும் நிரையே, பத்தடித் தட்டுக்கள் 32, சிலுவை வடிவில் நின்றன. அதிலே ஓர் இடர். தட்டுக்களையும் நடுநிலையத்தையும் இணைக்கும் மின்வழிகள் வெயிலில் நீண்டும் குளிரிற் குறுகியும் அவத்தையைக் குலைக்கும். மேளமே இடம் மாறி மாறி நின்றதுபோல என்க. சுவரூப்பும் யங் என்பாரும் 1961-இல் இதற்கொரு தீர்வை வெளியிட்டனர். நடுவினின்று ஒரு சமிக்ஞையைத் தட்டுவரை அனுப்பி, அவ்விடத்திலே ஓர் அடையாளம் இட்டுத் திருப்பி, போய்வந்த வழியின் நீளத்தை அளந்தறியும் முறை அது. அடையாளம் இருப்பதனால், வழியிடையே தெறித்து மீள்வனவற்றோடு அது குழம்பாது. இம்முறை பின்னெழுந்த பெருநிரைகளிலும் பரவிற்று. ஒரு மாணவரின் ஆய்வுக்காலத்துத் தொல்லையொன்று உலகுக்குப் பயன்பட்ட வகை இது.

1963-இல் ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்றுத் தாய்நாடு திரும்பிய சுவரூப், தாட்டா ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அக்காலத்தில் மேல்நாட்டார் பெருந்தட்டுக்களை இரும்பால் எழுப்பினர். அவற்றை எத்திசையும் திருப்பப் பெரும்பொருள் வேண்டும். சுவரூப் பொருளை நோக்கவில்லை, நிலத்தை நோக்கினார். பூமி தன் அச்சிற் சுழல்வதனாலேயே விண்மீன்கள் கிழக்கே தோன்றி மேற்கே மறைகின்றன. கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருப்பின், அதனை ஒரேயொரு அச்சிற் சுழற்றியே விண்பொருளை நெடுநேரம் பின்தொடரலாம். அதற்கு, அவ்விடத்து அகலாங்கு எத்தனை பாகையோ அத்தனை பாகை வடக்கு நோக்கி ஏறும் சரிவு வேண்டும். நீலகிரியிலே உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் அத்தகைய சரிவு ஒன்று கிடைத்தது. அகலாங்கு 11 பாகைக்குச் சற்று மேல், சரிவும் அவ்வளவே. தெமோதரையில் இருப்புப்பாதை அமைத்தோர் சரிவைத் தடையெனக் கொண்டு, பாதை தன்னையே வளைந்து சுற்றி நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கவழியிற் புகுமாறு செய்தனர். முத்தோரையிலோ சரிவே கருவியின் உறுப்பாயிற்று.

1970-இலே தொழிற்படத் தொடங்கிய அத்தொலைகாட்டி 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் உடையது. பரப்பளவு நான்கு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. வளைந்த 24 சட்டங்களின்மேல், துருப்பிடியா உருக்குக் கம்பிகள் 1,100, முனை முதல் முனைவரை இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. அவற்றிற்பட்டுத் தெறித்துக் குவியும் அலையை ஏற்பவை, ஏறத்தாழ அரை மீற்றருக்கு ஒன்றாக நிற்கும் 1,056 சிற்றேரியல்கள். அவை ஏற்கும் அலையின் நீளம் 92 சதமமீற்றர். கிழக்கு மேற்காகக் கருவி முழுவதும் எந்திரத்தாற் சுழலும். வடக்கு தெற்காகவோ ஒரு திருகாணிகூட அசைவதில்லை. சிற்றேரியல்களின் அவத்தையை மாற்றுதலாலேயே பார்வை திரும்புகின்றது. செங்குத்தினின்று 30 பாகை சாய்ந்து வரும் அலை, ஒரு முனையினும் மறுமுனைக்கு 265 மீற்றர் கூடுதலாகச் செல்லும். அதற்குச் செல்லும் காலம் ஒரு செக்கனைப் பத்து இலட்சம் கூறிட்டதில் ஒரு கூறினும் குறைவு. தேர்வடத்திற் பத்திலொரு செக்கன் பொறுத்தோம். இங்கே பொறுக்கவேண்டிய அளவு இது!

இக்கருவி, சந்திரன் தன் பாதையில் ஒரு வானலை மூலத்தை மறைக்கும் கணத்தையும் வெளிவிடும் கணத்தையும் குறித்து, அம்மூலத்தின் பருமனைக் கணித்தது. நிரை தனித்து நின்று பிரித்தறிய இயலாத நுண்மையைச் சந்திரனது விளிம்பு கத்திபோல் நின்று பிரித்துக் கொடுத்தது. இவ்வாறு ஆயிரத்துக்கு மேற்பட்ட மூலங்களை ஆய்ந்ததிலிருந்து, மங்கியவை சராசரியிற் சிறியனவாகத் தோன்றுகின்றன என்று சுவரூப்பும் விஜய் கபாகியும் 1975-இல் வெளியிட்டனர். பிரபஞ்சம் என்றும் மாறாநிலையினது என்ற கொள்கைக்கு மாறாகவும், அது காலத்தோடு மாறி வருவது என்ற கொள்கைக்குச் சார்பாகவும் அமைந்த சான்று அது. சுவரூப் பின்னர்ப் பூனா நகருக்கு வடக்கே கோடத் என்னும் ஊரை மையமாகக் கொண்டு, 45 மீற்றர்த் தட்டுக்கள் 30 உடைய பெருநிரையையும் நிறுவினார். அத்தட்டுக்களை இருவர் இருவராக இணைத்து நோக்கின் 435 சோடிகள் ஆம். கணக்கு மாணவர் சரிபார்க்க. 2020-இல் அவர் மறைந்தார்.

உலகின் பல பகுதிகளிலே நின்ற எட்டுத் தொலைகாட்டிகளை அணுக்கடிகாரத்தால் இணைத்து, பூமி அளாவிய நிரையாக்கிக் கருந்துளையொன்றின் நிழலைப் படமாக்கியது 2019-இல் வெளிவந்தது. கைத்தொலைபேசியின் படப்பிடிக் கண்ணும் இலட்சக்கணக்கான ஒளியுணரிகளின் நிரைதான். அதனை விரித்தற்கு இஃது இடமன்று.

ஒளியியலிலே நிரையின் செயலைக் காண விரும்புவோர் எமது ஊவா மாகாணத்துக் கதிர்காமத்துக்கே செல்லலாம். மயிற்றோகையின் நீலமும் பச்சையும் சாயத்தால் வந்தனவல்ல. அதனுள் இருப்பது மெலனின் என்னும் கருநிறப் பொருளே. அப்பொருளாலாய நுண்கோல்கள் இழைதோறும் நிரைநிரையாக அடுக்கப்பட்டுள்ளன. 2003-இலே சீனத்து ஆய்வாளர் அளந்தவாறு, கோல்களின் இடைவெளி ஏறத்தாழ 140 நானோமீற்றராயின் நீலமும், 150 ஆயிற் பச்சையும், 165 ஆயின் மஞ்சளும் தோன்றும். நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டதில் ஒன்று. பத்து நானோமீற்றர் விலகினால் நிறம் மாறுகின்றது. முத்தோரையில் அரை மீற்றர் இடைவெளியில் நின்ற ஏரியல்கள் வானலைக்குச் செய்வதன் இனமான செயலையே, இங்கே கருங்கோல்கள் ஒளியலைக்குச் செய்கின்றன. தமிழில் மயிலைப் பாடிய புலவர் பலர். அதன் நிறத்தை நிரையென்று பாடினாரைக் கண்டிலோம்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி. தெமோதரையின் அகலாங்கு ஏறத்தாழ 7 பாகை. முத்தோரைக் கருவியை ஒத்ததொன்றை இங்கு அமைக்க, வடக்கு நோக்கி எட்டடிக்கு ஓரடியாக ஏறும் சரிவு வேண்டும். 530 மீற்றர் நீளத்துக்கு அடிக்கும் தலைப்புக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 64 மீற்றர். யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் தம்மூரிற் சரிவு தேடி வருந்தற்க. தெமோதரை நிலையத்தைச் சூழ்ந்த மலைகளிலே அத்தகைய முகம் எத்தனை உண்டு என்பதை அளவுநாடாவும் நீர்மட்டமும் திசையறி கருவியும் கொண்டு சென்று அளந்து, வரைபடத்திற் குறித்து வருக. நிலம் அளக்கப் போகுமுன் தோட்டத்து அலுவலகத்தில் அனுமதி பெறுக. கொழுந்து கொய்வார் நிற்கும் நிரைகளிற் குறுக்கே நடவற்க.